தாளிக்காத முப்பது நாள்

பிப்ரவரி 3

டெப்போவில் சங்கத்துக்காரர்கள் மாமாவுக்குக் கொடுத்த டைரி இது. ஒரு மாதமாக டிவிக்கு மேலே சும்மா கிடந்தது. ஜனவரிப் பக்கங்கள் எல்லாம் வெள்ளை. போனால் போகிறது, இன்றிலிருந்து எழுதுகிறேன்.

மாமா என்றால் என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி. அரசு பஸ் கண்டக்டர், கோவில்பட்டி டெப்போ. என் அம்மாவின் கடைசித் தம்பி. சொந்தத் தாய்மாமனையே கட்டிக்கொண்டதால் கல்யாணத்துக்கு அப்புறம் கூப்பிடும் முறையை மாற்றுகிற சிரமம்கூட எனக்கு இல்லை.

எழுதச் சொன்னது மதுரை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெர்னதெத் மேடம். பூரணி என்ன தின்றாள், எப்போது தின்றாள் என்று எழுத ஒரு சார்ட் கொடுத்திருக்கிறார்கள். அதில் கட்டம் எள்ளுப் போல இருக்கிறது, என் கையெழுத்தோ மாட்டு வண்டி. முதலில் இதில் எழுதிவிட்டு அப்புறம் அதில் பார்த்து எழுதலாம் என்று இருக்கிறேன். சார்ட்டில் கடைசிக் கட்டம் மாத்திரைக்கு. கொடுத்தால் டிக் போட வேண்டும்.

பூரணிக்கு எட்டு வயது. ஒரே பிள்ளை. இரண்டு வருடமாக முழங்கையிலும் முழங்காலிலும் உளுந்து பருமனில் மஞ்சள் மஞ்சளாகக் கட்டி. மரு என்று சொல்லி ஒரு டாக்டர் இரண்டைச் சுட்டுக்கூட விட்டார். பிள்ளை அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது குதிகாலுக்கு மேலேயும் வந்துவிட்டது. மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கொழுப்பு 612. பெரியவர்களுக்கே 200 தாண்டினால் திட்டுவார்களாம்.

டாக்டர் கதிரேசன் ஒளிக்காமல் சொன்னார். "இது பரம்பரையா வர்ற கொழுப்பு வியாதி மாதிரி தெரியுதும்மா. இப்படியே விட்டா, காலேஜ் போற வயசுக்கு முன்னாடியே நெஞ்சு வலி வரலாம்."

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

பிப்ரவரி 6

காலை: இட்லி 3, நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடி. மதியம்: சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம்: எள்ளுருண்டை 2, ஊறவைத்த பாதாம் 6. ராத்திரி: தோசை 2. மாத்திரை: டிக்.

கொழுப்பு என்பது ஆடு, கோழி, முட்டை, நெய்யில்தான் இருக்கிறதாம், செடியில் கிடையாதாம். கடலை, பாதாம், நல்லெண்ணெய் எல்லாம் நல்லது, கொடுக்கலாம் என்றார்கள் மேடம். வீட்டில் முட்டைக் கூடையைக் கவிழ்த்துவிட்டேன். நெய் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் பண்ணினேன். பிள்ளைக்கு இல்லாதது எங்களுக்கும் வேண்டாம் என்று சட்டம் போட்டேன்.

பிப்ரவரி 13

ஞாயிற்றுக்கிழமை. மாமா கறிக்கடைப் பக்கம் போகாமல் பீர்க்கங்காயோடு வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏ கொடி, எலும்பு ரசமாச்சும் வைக்கலாம்லா?"

"பிள்ளை நெஞ்சு முக்கியமா, உங்க நாக்கு முக்கியமா?"

"சரி ளா, சரி. வாய மூடிக்கிடுதேன்."

பாவம்தான். ஆனால் இரக்கப்பட்டால் ஆகுமா? பீர்க்கங்காயைக் கடலை வறுத்துப் பொடித்துப் போட்டு, தேங்காயும் அரைத்து ஊற்றிக் கூட்டு வைத்தேன். பூரணி இரண்டு தடவை வாங்கித் தின்றாள்.

பிப்ரவரி 21

நான் வேலை பார்ப்பது கடலைமிட்டாய் கம்பெனியில், பாக்கெட் போடும் பக்கம். வெட்டும்போது உடைகிற ஓரத்துண்டுகளை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். தினமும் ஒரு சின்னப் பையில் பூரணிக்குக் கொண்டுவருகிறேன். பாக்கெட்டிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, கொலஸ்ட்ரால் இல்லை என்று. அதைப் படித்துப் படித்து ஒட்டுகிறவள் நான். என் பிள்ளைக்கு இதைவிட நல்ல தீனி ஏது?

சார்ட்டில் சாயங்காலத்துக்கு ஒரு கட்டம்தான். பாதாமை எழுதினால் கடலைமிட்டாய்க்கு இடம் இல்லை.

மார்ச் 4

மதுரை. பூரணிக்கு 655. கூடிவிட்டது.

"மாத்திரை ஒழுங்கா குடுக்கறீங்களா?" என்று டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு நாள் விடவில்லை சார் என்றேன். சத்தியமாக அன்றுவரை ஒரு நாள்கூட விடவில்லை. நம்பின மாதிரி தெரியவில்லை. நர்ஸ் பிள்ளை வேறு, "அம்மாமார்தான் அசால்ட்டா விட்டுடறாங்க" என்று யாரிடமோ சொல்லுகிற மாதிரி சொன்னாள். எரிந்துகொண்டு வந்தது எனக்கு.

எங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்தார்கள். எனக்கு 168. மாமாவுக்கு 174. நாங்கள் ஆடும் கோழியும் தின்று வளர்ந்தவர்கள், எங்களுக்கு ஒன்றுமில்லை. பாதாமும் பீர்க்கங்காயும் தின்கிற பிள்ளைக்கு 655.

திரும்பி வரும்போது மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொந்தத்துல கட்டுனதாலதானோ?" என்றார்.

பூரணி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20

காலையில் குளிப்பாட்டும்போது பார்த்தேன். முதுகில் நான்கு முத்து. மத்தியானத்துக்குள் வயிறு, நெஞ்சு, கழுத்து எல்லாம். அம்மை.

வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வறுவல் இல்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். மாமா செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வருகிறார்.

மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தேன்.

மார்ச் 22

கஞ்சி, மோர். இளநீர். இன்றும் தாளிப்பு இல்லை.

மார்ச் 24

உடம்பெல்லாம் முத்து. "எம்மா, அரிக்கி எம்மா" என்று அழுகிறாள். வேப்பங்கொத்தால் தடவிவிட்டுக்கொண்டே இருந்தேன். கை ஓய்ந்து நிறுத்தினால் கண்ணைத் திறந்து பார்க்கிறாள். என் தங்கம், நீ தூங்கு, நான் எங்கேயும் போகமாட்டேன்.

கஞ்சி அரை டம்ளர். பானகம். சார்ட்டையும் நிரப்பினேன்.

மார்ச் 31

அம்மை இறங்கி மூன்றாவது தண்ணீரும் தலைக்கு ஊற்றியாயிற்று. முத்து எல்லாம் காய்ந்து உதிர்கிறது. சித்திரை முதல் செவ்வாய் அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருக்கிறேன். அதுவரைக்கும் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. ஆத்தா முழுசாக இறங்கிப் போகவேண்டும், இடையில் எதையாவது பண்ணி அவளைக் கோபப்படுத்தக் கூடாது.

"அந்த மாத்திரை?" என்றார் மாமா.

"எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

ஏப்ரல் 10

இட்லி, மோர் சாதம், பச்சரிசியும் வெல்லமும் இடித்த துள்ளுமாவு, புளித்தண்ணி ரசம். மாமா டிபன் பாக்ஸைத் திறந்ததும் டிரைவர் அண்ணாச்சி, "என்னவே, ஜெயில் சாப்பாடு?" என்றாராம்.

ஏப்ரல் 19

பொங்கல் வைத்தாயிற்று. பால் கிழக்கே பொங்கியது. முப்பது நாளுக்கு அப்புறம் வீட்டுக்கு வந்து கடுகு வெடிக்க விட்டேன். பூரணி அடுப்படிக்கு ஓடிவந்து மூக்கை உறிஞ்சினாள். மாத்திரை ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 22

மதுரை. 341.

டாக்டர் பேப்பரை இரண்டு முறை பார்த்தார். "பாத்தீங்களா? ஒழுங்கா குடுத்தா மாத்திரை வேலை செய்யுது" என்று சிரித்தார். சார்ட்டில் டிக்கெல்லாம் பார்த்தார். மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நானும் சிரித்தேன். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 7

கம்பெனிக்குப் போகிறேன். பிள்ளை இளைத்துப் போயிருப்பதால் ஓரத்துண்டு இரண்டு பையாகக் கொண்டுவருகிறேன். எள்ளுருண்டை, முறுக்கு, தேங்காய்ப்பால். மாத்திரை: டிக். இது நிஜமான டிக்.

ஜூன் 10

628.

அளவைக் கூட்டியும் 628. ஒரு நாள்கூட விடாமல் கொடுத்தும் 628. டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் லேசாகப் படிய ஆரம்பித்திருக்கிறது என்று ஸ்கேனைக் காட்டினார். ரத்தத்தை மெஷினில் சுத்தம் பண்ணலாம், இல்லையென்றால் கல்லீரல் மாற்றலாம், பெற்றவர்களில் ஒருவர் பாதி கொடுக்கலாம் என்றார்.

"எடுத்துக்கிடுங்க சார்" என்று மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றப் போய்விட்டார்.

ஜூன் 16

எழுதவேண்டும் என்று உட்கார்ந்து மூன்று நாளாக மூடி மூடி வைக்கிறேன்.

அம்மையின்போது முப்பது நாளும் மாத்திரை கொடுக்கவில்லை. ஆனால் முப்பது டிக் போட்டேன். அம்மை போட்ட பிள்ளைக்கு மருந்து கொடுக்கவில்லை என்று சொன்னால் நாட்டுப்புறம் என்று திட்டுவார்களே என்ற பயம். அந்த நர்ஸ் பிள்ளை வாயில் இன்னொரு தடவை விழக் கூடாது என்ற ரோஷம். வேறு ஒன்றும் இல்லை.

மாத்திரை இல்லாதபோது குறைந்தது. மாத்திரை கொடுத்தபோது கூடியது. இது எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. அவர் என் டிக்கை நம்பி மாமா வயிற்றைக் கிழிக்கப் போகிறார்.

ஜூன் 21

மாமாவுக்கு டெஸ்ட் எடுக்கும் நாள். வெறும் வயிற்றோடு, சலவைச் சட்டை போட்டு, புதுமாப்பிள்ளை மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு எதுக்கு ளா ரெண்டு ஆளு ஈரல்? ஒரு பங்கு பிள்ளைக்கிட்ட இருந்துட்டுப் போவட்டும்" என்று பூரணியின் ஜடையை இழுத்தார். அவளும் சிரித்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. நேரே பெர்னதெத் மேடம் அறைக்குப் போனேன். கையில் இந்த டைரி.

"மேடம், சார்ட்ல இருக்க டிக்கு முப்பது பொய். நிசம் இதுல இருக்கு. படிச்சுப் பாத்துட்டு என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க."

மேடம் படித்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டு வரும் வரும் என்று காத்திருந்தால் வேறு கேள்வி வந்தது.

"ஜெயக்கொடி, இது என்ன, 'இன்றும் தாளிப்பு இல்லை'?"

"அம்மை போட்ட வீட்ல தாளிக்கக் கூடாதுல்லா மேடம்."

"முப்பது நாளும் சொட்டு எண்ணெய் இல்லையா?"

"எப்படி மேடம் ஊத்துவாக? ஆத்தா இருக்கப்ப?"

"இந்தக் கடலைமிட்டாய்? இது சார்ட்டுல இல்லவே இல்லையே. தினமுமா?"

"தினமும்தான். கட்டத்துல இடம் இல்லாமப் போச்சு. அம்மையப்பதான் இல்ல, நான் கம்பெனிக்கே போவலயே."

மேடம் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார்கள். 655, 341, 628 என்று பென்சிலால் வட்டம் போட்டார்கள். அப்புறம் செருப்பைக்கூடப் போடாமல் டைரியோடு டாக்டர் அறைக்கு ஓடினார்கள்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "பொய் டிக்கை நம்பி ஒரு ஆளோட வயித்தைத் திறந்திருப்பேன், தெரியுமாம்மா?" என்று சத்தம் போட்டார். நின்று வாங்கிக்கொண்டேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் நார்மல்னு வந்த அன்னிக்கே நான் யோசிச்சிருக்கணும்" என்றார். மாமாவுக்கு டெஸ்ட் வேண்டாம், வெளியூர் லேபுக்குப் பூரணி ரத்தம் மட்டும் போகட்டும், முடிவு வரும்வரை எண்ணெயும் கடலையும் நிறுத்துங்கள் என்றார்.

பஸ் சாத்தூர் தாண்டியதும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்லா கொடி" என்றார்.

"சொல்லிருக்கணும் மாமா."

"தெனமும் நூறு பேரு எங்கிட்ட டிக்கெட் எடுத்தாச்சுன்னு பொய் சொல்லுதான். மூஞ்சியப் பாத்தாலே கண்டுபிடிச்சிருவேன். ஒன் மூஞ்சியத்தான் பாக்காம விட்டுட்டேன்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ் நிறையக் கூட்டம். எனக்கு வெட்கமாக இல்லை.

ஆகஸ்ட் 9

முடிவு வந்துவிட்டது. டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்து விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

செடிகொடியிலும் கொலஸ்ட்ரால் ஜாடையிலேயே ஒரு கொழுப்பு இருக்கிறது. எண்ணெய், கடலை, எள்ளு, பாதாம் எல்லாவற்றிலும் அது ஏராளம். நம் உடம்புக்கு அது வேண்டாம். குடலில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிய தோல் மாதிரி ஒரு சவ்வு. அதில் இரண்டு புரதங்கள் ஜோடியாக நிற்கும். தெரியாமல் உள்ளே வந்த செடிக் கொழுப்பைப் பிடித்து, சவ்வைத் தாண்டித் திரும்பவும் குடலுக்குள்ளேயே தள்ளிவிடுவதுதான் அவற்றின் வேலை. கல்லீரலிலும் அதே ஜோடி நின்று, மிஞ்சியதைப் பித்தத்தில் தள்ளிவிடுமாம். ஜோடியில் ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யாது.

மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "டிக்கெட் இல்லாம ஏறுன ஆள அடுத்த ஸ்டாப்புல எறக்கி விடுத மாதிரியா சார்?"

"அதேதாங்க. கண்டக்டர் வேலைதான்."

"அப்ப எம் பிள்ளை பஸ்ஸுல…" என்றவர் நிறுத்திவிட்டார். "கண்டக்டர் இல்லியா சார்?"

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். எங்கள் இரண்டு பேரிடமும் அந்தப் புரதத்தைச் செய்கிற குறிப்பில் நல்லது ஒன்றும் கெட்டது ஒன்றும் இருக்கிறதாம். நல்லது ஒன்று இருந்தாலே போதும், அதனால் எங்களுக்கு ஒன்றுமில்லை. பூரணிக்கு எங்கள் இரண்டு பேரின் கெட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டது. சாதாரண டெஸ்ட் செடிக் கொழுப்பையும் கொலஸ்ட்ரால் என்றே சேர்த்து எண்ணிவிடுமாம். பழைய மாத்திரை உடம்பு தானாகச் செய்கிற கொழுப்பைத்தான் குறைக்கும், வெளியிலிருந்து வந்து தங்குவதை ஒன்றும் பண்ணாது.

கல்லீரல் மாற்ற வேண்டாம். குடலில் கொழுப்பு நுழைகிற வாசலையே அடைக்கிற வேறு மாத்திரை இருக்கிறது. எண்ணெய், கடலை, எள்ளு, தேங்காய், சாக்லேட் கூடாது. முட்டை வெள்ளைக்கருவும் கொழுப்பில்லாத கோழிக்கறி கொஞ்சமும் கொடுக்கலாம். பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்றார். அப்படியேதான் சொன்னார்.

பெர்னதெத் மேடம் என்னிடம் வந்து, "கடலை நல்லதுன்னு சொன்னது நான்தான் ஜெயக்கொடி. என்னை மன்னிச்சிடு" என்றார்கள். அவர்கள் சொன்னது ஒரு கை கடலை. நான் கொடுத்தது இரண்டு பை.

ஆகஸ்ட் 10

என் கையாலேயே கொடுத்தேன். பாதாமை உரித்து, வாயில் வைத்து.

ஆகஸ்ட் 17

பூரணி. காலை: இடியாப்பம், பால். மதியம்: ரசம் சாதம், அவித்த பீன்ஸ், முட்டை வெள்ளை 2. ராத்திரி: இட்லி 3, தயிர். மாத்திரை: டிக்.

முட்டையைப் பார்த்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஆடினாள். மாமா அவள் தட்டைப் பார்த்தார், அப்புறம் என் பக்கம் பார்த்தார். "நீ?" என்றார். பிறகு என்றேன்.

செப்டம்பர் 16

மதுரை. 263! மாமா ஆஸ்பத்திரி வாசலில் நின்று முன்பின் தெரியாத ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கட்டிகள் இன்னும் இருக்கின்றன, மெதுவாகத்தான் கரையுமாம். பிள்ளை படி ஏறும்போது குதிகால் வலி என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

கம்பெனியில் என்னைக் கடலை வறுக்கிற மெஷின் பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பாக்கெட்டை ஒட்ட முடியவில்லை. மேஸ்திரி காரணம் கேட்டார், கை வலி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 14

172. இதுவே போதும் என்றார் டாக்டர். போதும், போதும். மாரியாத்தா, எனக்கு இது போதும்.

பெர்னதெத் மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ ஏன் இப்படி ஆயிட்ட?" என்று கேட்டார்கள். ரவிக்கை பழசு மேடம், அதான் தொளதொளவென்று இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 19

அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். நான் பூரணி எழுதுகிறேன்.

இது அம்மாவின் சார்ட்.

திங்கள். காலை: காப்பி. சாயங்காலம்: என் டிபன் பாக்ஸில் மிச்சம் இருந்த ரசம் சாதம். ராத்திரி: தண்ணீர்.
செவ்வாய். காலை: காப்பி. மதியம்: தெரியவில்லை, நான் ஸ்கூலில் இருந்தேன். ராத்திரி: அரை இட்லி.
புதன். காலை: காப்பி.

அப்பா கேட்டால் சாப்பிட்டேன் என்கிறாள். அது பொய் டிக். எனக்கு முட்டை உரிக்கும்போது அழுகிறாள். வெங்காயம் என்று சொல்கிறாள். அங்கே வெங்காயமே இல்லை.

பெர்னதெத் மேடம், நீங்கள் இந்த டைரியைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவைத் திட்ட வேண்டாம். எனக்கு வலிக்கவில்லை என்று நான் சொன்னால் அவள் நம்பவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 20

பூரணி எழுதியதைப் படித்தேன். எனக்குக் காலை: இட்லி 3. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணினாள். நாலாவதைப் பிய்த்து என் வாயருகே கொண்டுவந்தாள். தின்றேன்.